அணுப் பெட்டியின் சுவரில் மோதித் திரும்பும் அலையை என்ன செய்வது?

கேள்வியின் சுருக்கம் இது. செம்புப் படிகத்தின் மேற்பரப்பில் ஒரு நானோ துகளை வேகமாக மோதவிட்டு, ஒவ்வோர் அணுவின் நகர்வையும் கணினியில் பின்தொடரும் மூலக்கூறு இயக்கவியல் முறையில் கணித்துக்கொண்டிருக்கிறீர்கள். பெட்டி பக்கத்துக்கு 20 நானோமீட்டர். மோதி நாலரை பிகோ வினாடி (ஒரு பிகோ வினாடி என்பது வினாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) ஆனதும், அடங்கத் தொடங்கியிருந்த பள்ளத்தின் விளிம்பு மறுபடி குலுங்குகிறது. பெட்டியைப் பெரிதாக்கினால் பள்ளத்தின் அளவே மாறுகிறது. அலையை முழுதாக உறிஞ்சிவிடும் எல்லை நிபந்தனை உண்டா, உண்டென்றால் எதைப் போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்டு, ஆனால் காகிதத்தில். கணினியில் அதற்கு ஆகும் செலவைப் பார்த்தால் பெரும்பாலும் வேண்டாம் என்றுதான் தோன்றும். அதைவிட, உங்கள் மோதலில் எந்த அலைநீளங்கள் கிளம்புகின்றன என்று முதலில் பார்த்து, அவற்றை விழுங்கும் அளவுக்கு மட்டும் ஓர் எல்லையைக் கட்டிக்கொள்வது நடக்கிற காரியம்.

முதலில் குற்றவாளி யார் என்று பார்ப்போம். செம்பில் கனசதுர அச்சின் திசையில் நெட்டலை (போகும் திசையிலேயே அணுக்களை முன்னும் பின்னும் அசைக்கும் அலை) வினாடிக்குச் சுமார் 4.4 கிலோமீட்டர் ஓடுகிறது. உங்கள் அளவில் சொன்னால் ஒரு பிகோ வினாடிக்கு 4.4 நானோமீட்டர். பக்கவாட்டில் காலமுறை எல்லை வைத்திருப்பீர்கள். இடப்பக்கம் வெளியேறும் அலை அதே கணத்தில் வலப்பக்கம் உள்ளே நுழையும். நடுவிலிருந்து கிளம்பியது மீண்டும் நடுவுக்கு வர 20 நானோமீட்டர் ஓட வேண்டும். 20-ஐ 4.4-ஆல் வகுத்தால் நாலரை பிகோ வினாடி. கீழே போய்த் திரும்பும் அலைக்கு 40 நானோமீட்டர் பயணம், அது ஒன்பது பிகோ வினாடிக்குத்தான் வந்து சேரும். ஆக நீங்கள் முதலில் பார்த்த குலுக்கல் அடித்தளத்திலிருந்து வந்ததல்ல, பக்கத்துப் பிம்பத்திலிருந்து, அதாவது காலமுறை எல்லை உண்டாக்கும் பெட்டியின் நகலிலிருந்து வந்தது. பலர் அடித்தளத்தை மட்டும் மாற்றிவிட்டு, ஒன்றும் மாறவில்லையே என்று தலையைச் சொறிவது இதனால்தான்.

பெட்டியைப் பெரிதாக்கித் தப்பிக்கலாமா? பள்ளம் இறுதி வடிவம் பெற 50 பிகோ வினாடி தேவை என்று வைத்துக்கொள்வோம். அதுவரை எந்த அலையும் திரும்பக் கூடாதென்றால் அகலம் 220, ஆழம் 110 நானோமீட்டர் வேண்டும். செம்பில் ஒரு கன நானோமீட்டருக்கு ஏறத்தாழ 85 அணுக்கள். பெருக்கிப் பாருங்கள்: 45 கோடி அணுக்கள். இப்போதுள்ள பெட்டியில் இருப்பவை ஏழு லட்சத்துக்கும் குறைவு. அந்த 45 கோடியில் பெரும்பகுதி, அலை தன்னைக் கடந்து போவதை வேடிக்கை பார்ப்பதைத் தவிர வேறு எதுவும் செய்யாது.

இந்தத் தொல்லை அணுக் கணிப்புக்கு மட்டும் உரியதல்ல. நிலநடுக்கக் கணக்குப் போடும் கட்டடப் பொறியாளர்களுக்கு மண்ணை எங்காவது வெட்டி நிறுத்த வேண்டியிருந்தது. 1969-இல் லைஸ்மரும் குலமேயரும் வெட்டிய ஓரத்தில், அசைவின் ஆற்றலைக் கரைக்கும் தணிப்பான்களைப் பொருத்தச் சொன்னார்கள். 1977-இல் எங்க்விஸ்ட்டும் மஜ்தாவும் அலைச் சமன்பாட்டுக்கான உட்கவர் (அலையை உறிஞ்சும்) எல்லைகளை முறைப்படி வரிசையாகத் தந்தார்கள். 1994-இல் பெரெஞ்சே மின்காந்த அலைகளுக்காக முழுப் பொருத்த அடுக்கை அறிமுகப்படுத்தினார்; எந்த அதிர்வெண்ணில், எந்தக் கோணத்தில் வந்தாலும் அதன் முகப்பில் அலை திரும்புவதில்லை. இதையே எடுத்து ஒட்டிவிடலாமே என்றுதான் உங்களுக்கும் தோன்றியிருக்கும். ஆனால் இவை எல்லாம் தொடர் ஊடகத்துக்காக எழுதப்பட்டவை. அணுக்களின் அடுக்கு தொடர் ஊடகம் அல்ல. அதில் ஒவ்வோர் அலைநீளமும் ஒவ்வொரு வேகத்தில் போகிறது. நீண்ட அலை ஒலியின் வேகத்தில் ஓடும். அலைநீளம் குறையக் குறைய அலைப்பொதி (சேர்ந்து நகரும் அலைகளின் சிறு தொகுப்பு) தளர்ந்து, அலைநீளம் இரண்டு அணு இடைவெளியைத் தொடும்போது நகரவே நகராது. ஒரே ஒரு வேகத்தை நம்பிக் கட்டிய எல்லை இந்தக் கூட்டத்தின் ஒரு பகுதியை மட்டுமே ஏமாற்ற முடியும்.

எவ்வளவு பகுதியை என்பதைக் கையாலேயே கணக்கிடலாம். சுருள்வில்லால் கோத்த ஒரே மாதிரியான அணுக்களின் சங்கிலியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கடைசி அணுவுக்கு ஒரு ஷாக் அப்சார்பரை மாட்டுங்கள். அதாவது வேகத்துக்கு நேர்விகிதமாக எதிர்விசை. அதன் கெழுவை, சுருள்வில் மாறிலியையும் அணுவின் நிறையையும் பெருக்கி எடுத்த வர்க்கமூலத்துக்குச் சமமாக வையுங்கள். இதுதான் சங்கிலியின் நீண்ட அலைகளுக்குக் கச்சிதமான பொருத்தம். உள்ளே வரும் அலையையும் திரும்பும் அலையையும் எழுதி, கடைசி அணுவின் சமன்பாட்டில் போட்டுச் சுருக்கினால் அழகான விடை வருகிறது. உங்கள் அலைநீளத்தில் எத்தனை அணு இடைவெளிகள் அடங்குகின்றன என்று எண்ணுங்கள். 90 டிகிரியை அந்த எண்ணால் வகுங்கள். வந்த கோணத்தின் டேன்ஜென்ட்தான் திரும்பும் வீச்சின் பங்கு.

இருபது இடைவெளி நீள அலையென்றால் 4.5 டிகிரி; வீச்சில் எட்டு விழுக்காடு திரும்பும், ஆற்றலில் ஒரு விழுக்காடுகூட இல்லை. பத்து இடைவெளிக்கு 16 விழுக்காடு. நான்கு இடைவெளிக்கு 41. இரண்டு இடைவெளிக்கு 45 டிகிரி, டேன்ஜென்ட் ஒன்று: அப்படியே முழுசாகத் திரும்பும். அணு அளவில் உறிஞ்சும் எல்லை ஏன் கடினம் என்பது இந்த நாலு எண்ணுக்குள் அடங்கிவிடுகிறது. மோதலில் நீண்ட அழுத்த அலை மட்டும் கிளம்பினால் ஒரு தணிப்பானே போதும். கூர்மையான உடைப்பும் அணுக்கள் சிதறும் குழப்பமும் இருந்தால் குட்டை அலைகள் பெருகும், அவற்றை அது பிடிக்காது.

இதைச் செம்புக்குப் பெயர்ப்போம். கனசதுர முகத்துக்கு இணையான அணுத்தளங்களுக்கு இடையே 0.18 நானோமீட்டர். கடைசித் தளத்தில் ஒவ்வோர் அணுவுக்கும் தேவையான தணிப்பு வீதம், ஒலிவேகத்தை இந்த இடைவெளியால் வகுத்தால் கிடைக்கும்: பிகோ வினாடிக்கு 24. லாம்ப்ஸ் என்னும் மூலக்கூறு இயக்கவியல் நிரலில், அணுக்களுக்குத் தணிப்பு விசை சேர்க்கும் லாஞ்செவன் கட்டளை இதன் தலைகீழியை நேரமாகக் கேட்கும், 0.041 பிகோ வினாடி என்று கொடுக்க வேண்டும். பழக்கத்தில் எல்லோரும் 0.1 என்று போடுகிறார்கள். வெப்பநிலையைக் கட்டுப்படுத்த அது நல்ல எண்ணாக இருக்கலாம், அலையை விழுங்க அல்ல.

நான் ஆரம்பத்தில் இதற்கு நேர் எதிரான தவறைச் செய்தேன். தணிப்பு கூடினால் உறிஞ்சலும் கூடும் என்று நம்பி 0.01 போட்டேன், அதாவது பிகோ வினாடிக்கு 100. அணுக்களைப் படமாகக் காட்டும் ஓவிட்டோ மென்பொருளில் இயக்க ஆற்றலுக்கு ஏற்ப அணுக்களுக்கு நிறம் கொடுத்துப் பார்த்தபோது, சிவப்புப் பட்டை ஒன்று கீழே இறங்கி, அடியைத் தொட்டு, கொஞ்சம் வெளிறி, அதே வேகத்தில் மேலே ஏறியது. அரை நாள் நிரலில் பிழை தேடினேன். பிழை எண்ணில் இருந்தது. 100-க்கும் 24-க்கும் உள்ள வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் 0.61, நீண்ட அலையிலும் 61 விழுக்காடு வீச்சு திரும்பும். மிகக் கெட்டியான தணிப்பான் கருங்கல் சுவர்தான். தணிப்பே இல்லாத முனையிலும் அலை திரும்பும், கெட்டித்த முனையிலும் திரும்பும். இரண்டாவதில் தலைகீழாகத் திரும்பும் என்பது மட்டுமே வேறுபாடு.

இந்த ஒற்றைத் தளத் தணிப்பானில் இன்னும் இரண்டு ஓட்டைகள். செம்பின் அதே திசையில் குறுக்கலையின் (போகும் திசைக்குக் குறுக்கே அணுக்களை அசைக்கும் அலையின்) வேகம் வினாடிக்கு 2.9 கிலோமீட்டர்தான். எனவே பக்கவாட்டு அசைவுக்குத் தேவையான வீதம் 24 அல்ல, 16. லைஸ்மரும் குலமேயரும் மண்ணுக்கு இரண்டு வெவ்வேறு கெழுக்கள் சொன்னது இதற்காகவே. லாஞ்செவன் கட்டளையோ மூன்று திசைக்கும் ஒரே எண்ணைப் போடும். சாய்வாக வரும் அலைக்கு இரண்டு எண்ணும் சரிவராது. அடுத்தது, தணிப்பானுக்கு விறைப்பு கிடையாது. மேலிருந்து தொடர்ந்து ஓர் அழுத்தம் இருந்தால் அது கொஞ்சம் கொஞ்சமாக வழிவிட்டுக்கொண்டே போகும், அடித்தளம் நழுவும். வெளியே இருந்திருக்கக்கூடிய அணுக்கள் ஓய்வு நிலையில் கொடுத்திருக்கும் விசையைக் கணக்கிட்டு, மாறா விசையாக அந்தக் கடைசித் தளத்தின் மேல் ஏற்ற வேண்டும். லேசர் சிதைவுக் கணிப்புகளுக்காக ஷேஃபர், உர்பசெக், ஷிகிலே, காரிசன் ஆகியோர் 2002-இல் எழுதிய அழுத்தம் கடத்தும் எல்லையும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். நீண்ட அழுத்த அலைக்கு மட்டும் என்றால் அது இன்றைக்கும் சிக்கனமான, நல்ல தீர்வு.

இரண்டாவது வழி, ஒற்றைத் தளத்துக்குப் பதில் தடித்த அடுக்கு முழுவதும் தணிப்பைப் பரப்புவது. துறைமுகச் சுவரில் மோதும் அலை திரும்பிவிடும், சாய்வான மணல் கரையில் ஏறும் அலை நுரைத்துக் கரைந்துபோகும். தணிப்பும் அப்படிச் சுழியில் தொடங்கி மெல்ல ஏற வேண்டும். திடீரென்று தொடங்கினால் அந்தத் தொடக்கமே ஒரு சுவராகிவிடும். விரிசல் ஓடும் கணிப்புகளில் ஹோலியனும் ராவெலோவும் 1995-இல் இப்படி ஏறும் தணிப்பைப் பயன்படுத்தினார்கள். அரங்க வடிவில் சுற்றிலும் தணிப்பு வைப்பதை 2005-இல் சூ, சாஸ்திரி, கர்ட்டின், மில்லர் ஆகியோர் கையாண்டார்கள்.

எவ்வளவு தடிமன்? தணிப்பு தூரத்தின் வர்க்கமாக ஏறினால், அடுக்குக்குள் போய்த் திரும்பும் அலையின் தேய்வைக் கணக்கிடுவது எளிது: உச்சத் தணிப்பைத் தடிமனால் பெருக்கி, ஒலிவேகத்தின் மும்மடங்கால் வகுக்க வேண்டும். வீச்சு நூறில் ஒன்றாகத் தேய இந்த எண் 4.6 ஆக வேண்டும். ஐந்து நானோமீட்டர் தடிமனுக்கு உச்சத் தணிப்பு பிகோ வினாடிக்கு 12 என்று வருகிறது. நன்றாகத்தான் இருக்கிறது என்று தோன்றும். ஆனால் 10 நானோமீட்டர் நீள அலையின் கோண அதிர்வெண் பிகோ வினாடிக்கு வெறும் 2.8. அந்த அலைக்கு 12 என்ற தணிப்பு தாரில் காலை வைப்பதைப் போன்றது. அடுக்கின் தடிமனோ அலைநீளத்தில் பாதிதான். அவ்வளவு குறுகிய இடத்தில் அவ்வளவு ஏற்றம் அந்த அலையின் கண்ணுக்குச் சரிவாகத் தெரியாது, படிக்கட்டாகத் தெரியும். அது திரும்பிவிடும். குட்டை அலைக்கு நிலைமை வேறு: அது பார்ப்பது நீளமான, மென்மையான சரிவு. அதன் பொதி மெதுவாக நகர்வதால் அடுக்குக்குள் தங்கும் நேரமும் கூடுதல், தேய்வும் கூடுதல்.

இந்த இடத்தை இரண்டு முறை படியுங்கள். ஒற்றைத் தளத் தணிப்பான் நீண்ட அலையைப் பிடிக்கிறது, குட்டை அலையை விடுகிறது. சரிவான அடுக்கு குட்டை அலையைப் பிடிக்கிறது, நீண்ட அலையை விடுகிறது. ஒன்று விட்டதை மற்றது பிடிக்கும்படி, மிதமான சரிவடுக்கு ஒன்றை வைத்து, அதன் கடைசித் தளத்தில் பொருத்தமான தணிப்பானை மாட்டினால் உங்கள் வேலைக்குத் தேவையானதில் பெரும்பங்கு முடிந்துவிடும்.

பெரெஞ்சேயின் அடுக்கைப் பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள். 2005-இல் டோவும் லீயும் அதை அணுக்களுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு பரிமாணத்தில் பார்த்தால், அடுக்கிலுள்ள ஒவ்வோர் அணுவுக்கும் வழக்கமான விசையோடு இரண்டு உறுப்புகள் சேர்கின்றன: தணிப்பு எண்ணின் இருமடங்கை வேகத்தால் பெருக்கியது ஒன்று, தணிப்பு எண்ணின் வர்க்கத்தை இடப்பெயர்ச்சியால் பெருக்கியது மற்றொன்று, இரண்டும் எதிர்த்திசையில். சாதாரணத் தணிப்பு அடுக்கோடு ஒப்பிட்டால் புதிதாக வந்தது இந்த இரண்டாவது உறுப்பு. அதனால் தணிப்பு ஏறும்போதும் பொருத்தம் குலைவதில்லை, நீண்ட அலை படிக்கட்டைப் பார்ப்பதில்லை. விலையும் உண்டு. அந்த உறுப்பு ஒவ்வோர் அணுவையும் அதன் ஆரம்ப இடத்தில் கயிறு கட்டி இழுக்கிறது. இடப்பிறழ்வு (படிக அடுக்கில் நகரக்கூடிய கோட்டுக் குறை) ஒன்று அடுக்கை நோக்கி வந்தால் முட்டி நிற்கும். படிகம் வெப்பத்தில் விரிந்தால் ஆரம்ப இடமே தவறாகிவிடும். மேலும், முழுப் பொருத்தம் என்பது தொடர் ஊடகத்தில் நிறுவப்பட்ட வாக்கு. தனித்தனி அணுக்களில் அது தோராயமே. பெயரில் உள்ள ‘முழு’ என்ற சொல்லை நம்பி அடுக்கை மெல்லியதாக வைக்காதீர்கள்.

உண்மையிலேயே துல்லியமான எல்லை வேறொன்று. வெட்டி எறிந்த அரைச் சங்கிலியை மறந்துவிடாமல், அது எல்லை அணுவுக்கு என்ன பதில் சொல்லியிருக்கும் என்பதைச் சூத்திரமாக வைத்துக்கொள்வது அது. முடிவில்லாத சங்கிலியின் இயக்கத்தை 1914-இலேயே ஷ்ரோடிங்கர் பெசல் சார்புகள் என்னும், அலைந்துகொண்டே தேயும் கணிதச் சார்புகளால் தீர்த்துவிட்டார். அவர் பெயரில் புகழ்பெற்ற சமன்பாட்டுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு. அதே வழியில் போனால், வெட்டிய அணுவின் இப்போதைய இடப்பெயர்ச்சி என்பது, எல்லை அணுவின் கடந்த கால இடப்பெயர்ச்சிகள் அனைத்தையும் ஒரு நினைவுச் சார்பால் எடையிட்டுக் கூட்டியது என்று வரும். அந்தச் சார்பு இரண்டாம் வரிசைப் பெசல் சார்பின் இருமடங்கை நேரத்தால் வகுத்தது. அதில் எந்த அலைநீளமும் தப்பாது. சிக்கல் என்னவென்றால் அது நேரத்தின் ஒன்றரை அடுக்கில்தான் தேய்கிறது, அதனால் நீண்ட வரலாற்றைச் சுமக்க வேண்டும். முப்பரிமாணத்தில் ஒவ்வோர் எல்லை அணுவும் மற்ற எல்லை அணுக்கள் அனைத்தின் வரலாற்றையும் கேட்கும். 1970-களில் ஏடல்மனும் டாலும் இதைத் திண்மப் பரப்புகளுக்கு வெப்ப விசையோடு சேர்த்து எழுதினார்கள். 2000-இல் சாய், டி கோனிங், புலாட்டோவ், இப் ஆகியோர் நினைவுச் சார்புகளைச் சோதனைக் கணிப்புகளிலிருந்தே எண்ணளவில் எடுத்துக் காட்டினார்கள். அடுத்த ஆண்டே வைனான் ஈயும் ஹுவாங்கும், முழு வரலாறு வேண்டாம், சில அண்டை அணுக்களும் சில நேரப்படிகளும் போதும், எதிரொலி மிகக் குறையும்படி கெழுக்களைத் தேர்ந்துகொள்ளலாம் என்றார்கள். நிரல் எழுதும் தெம்பு உங்களுக்கு இருந்தால் இவர்கள் வழியைத்தான் பரிந்துரைப்பேன். ஆய்வேட்டுக்கு ஆறு மாதமே மீதி என்றால் வேண்டாம்.

கேள்வியில் நீங்கள் சொல்லாமல் விட்ட ஒன்று, வெப்பநிலை. உங்கள் படிகம் 300 கெல்வினில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தணிப்பு அடுக்குக்கு மோதலின் அலை எது, வெப்ப அதிர்வு எது என்று தெரியாது, இரண்டையும் விழுங்கும். விட்டுவைத்தால் பெட்டி மெல்லக் குளிர்ந்துபோகும், பள்ளம் சீக்கிரம் உறைந்துவிடும், அளவு சிறிதாக வரும். அது இயற்பியல் அல்ல, எல்லையின் கைவரிசை. வெளியே இருக்கும் எல்லையற்ற படிகம் அலையை வாங்கிக்கொள்வதோடு தன் வெப்பத்தையும் உள்ளே அனுப்பிக்கொண்டிருக்கும் அல்லவா? ஆகவே எங்கே தணிப்பு இருக்கிறதோ அங்கே அதே அளவுக்குப் பொருத்தமான சீரற்ற விசையும் இருக்க வேண்டும். லாஞ்செவன் கட்டளை இதைத் தானாகவே செய்கிறது. தணிப்பு விசையை மட்டும் சேர்க்கும் கட்டளைகள் செய்யா. சுழி கெல்வின் சோதனைக்கு அவை போதும், 300 கெல்வின் கணிப்புக்கு ஆகாது.

வெப்பம் என்றதும் சொல்ல வேண்டிய இன்னொன்று: செம்பில் வெப்பத்தைச் சுமப்பவை பெரும்பாலும் எலெக்ட்ரான்கள். சாதாரண மூலக்கூறு இயக்கவியலில் அவை இல்லை. எல்லை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் பள்ளத்தின் வெப்பம் உண்மையைவிட மெதுவாகவே வெளியேறும். எல்லையைக் குறை சொல்வதற்கு முன் இதை நினைவில் வையுங்கள்.

மேலே சொன்ன எல்லா எல்லைகளும் அணுக்கள் சுருள்வில் போல் நேர்விகிதமாக நடந்துகொள்ளும் என்று நம்புகின்றன. மோதல் மையத்துக்கு அருகே இருப்பது அதிர்ச்சி அலை. அது ஒலியைவிட வேகமாக ஓடும், நேர்விகிதத்துக்குக் கட்டுப்படாது. அது விரிந்து தளர்ந்து சாதாரண ஒலியலையான பிறகே எல்லையைத் தொட வேண்டும். எல்லையருகே திரிபு (அணு இடைவெளி எத்தனை பங்கு மாறியது என்பது) ஒரு விழுக்காட்டுக்குக் கீழே இருக்கிறதா என்று பார்ப்பது என் வழக்கம். உங்கள் 20 நானோமீட்டர் பெட்டி இந்தத் தேர்வில் தேறும் என்று எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் பெட்டியை 40 நானோமீட்டர் அகலத்துக்கும் 30 ஆழத்துக்கும் விரிப்பேன். சுமார் 41 லட்சம் அணுக்கள். 45 கோடியோடு ஒப்பிட்டால் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. பக்கவாட்டில் காலமுறை எல்லையை அப்படியே விட்டுவிட்டு, நான்கு பக்க ஓரங்களிலும் பத்து நானோமீட்டர் சரிவடுக்கு வைப்பேன். பிம்பத்திலிருந்து வரும் அலை இரண்டு அடுக்குகளைக் கடந்தாக வேண்டும், படிகமும் நழுவாது. உச்சத் தணிப்பு பிகோ வினாடிக்கு 6 போதும். அடுக்கை ஐந்தாறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் தனி லாஞ்செவன் எண் கொடுத்தால் சரிவு கிடைத்துவிடும். அடியில் அதே சரிவடுக்கு, கடைசித் தளத்தில் 0.041, கூடவே அந்த மாறா விசை.

ஆனால் மோதலை ஓட்டுவதற்கு முன் எல்லையைத் தனியே சோதியுங்கள். மூன்று அலகறை (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய பெட்டி) அகலமும் 100 நானோமீட்டர் நீளமும் உள்ள செம்புக் கம்பி ஒன்றைச் சுழி கெல்வினில் எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 10,000 அணுக்கள்தான், மடிக்கணினியே போதும். ஒரு முனையில் உங்கள் எல்லை, மறுமுனைக்கு அருகிலிருந்து ஓர் அலைப்பொதி. எல்லையைத் தொடும் முன் எவ்வளவு ஆற்றல், திரும்பிய பின் எவ்வளவு என்று பாருங்கள். அலைநீளத்தை 1 நானோமீட்டரிலிருந்து 20 வரை மாற்றி ஒரு வரைபடம் போடுங்கள். பிறகு உங்கள் மோதலில் எல்லைக்கு ஐந்து நானோமீட்டர் முன்னால் உள்ள ஓர் அணுத்தளத்தின் சராசரி வேகத்தைப் பதிவுசெய்து, அதன் அதிர்வெண் நிறமாலையை எடுத்து, அந்த வரைபடத்தின் மேல் வைத்துப் பாருங்கள். இரண்டும் எங்கே ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றனவோ அங்கேதான் உங்கள் பள்ளம் குலுங்குகிறது. அந்தப் படத்தை அனுப்பினால் அடுக்கின் தடிமனைக் கூட்டுவதா, கடைசித் தளத்தின் எண்ணை மாற்றுவதா என்று பார்த்துச் சொல்கிறேன்.